நாக்குக் கட்டிய மணி

ஆஸ்திரியாவின் தீரோல் மலைப்பகுதியில் நாங்கள் குடியிருக்கும் பள்ளத்தாக்கில், அக்டோபர் மாதம் ரோட்டோரம் குச்சி நடுவார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய மரக்குச்சி, தலையில் சிவப்புச் சாயம். பனி கொட்டி ரோடும் புல்வெளியும் ஒன்றாகிவிட்ட பிறகு, பனி தள்ளும் வண்டிக்காரருக்கு ரோடு எது, பள்ளம் எது என்று காட்டத்தான் அந்தக் குச்சி. இது இப்போது தெரிகிறது. வந்த முதல் வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்கு அப்படித் தெரியவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், புதுவாயலில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் வயலோரம் யாராவது குச்சி நட்டுச் சிவப்படித்தால் அந்த நிலம் போயிற்று என்று அர்த்தம். ஒன்று ரோடு வரும், இல்லாவிட்டால் கம்பெனி வரும். எங்கள் நெல் நிலத்தில் பாதி அப்படித்தான் போனது. அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய், குச்சி நட்டுக்கொண்டிருந்தவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் "எது வரைக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு "ஏப்ரல் வரைக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவி சுதாவிடம் சொன்னேன். அவள் திருநின்றவூர்க்காரி, எதற்கும் அசராதவள். "அப்போ மார்ச்சுக்குள்ள வேற ஊடு பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

இந்த ஊரில் பருவம் மாறுவது என்றால் வானம் மட்டும் மாறுவதில்லை. கார் டயரை மாற்றுகிறார்கள், போர்வையை மாற்றுகிறார்கள், பால்கனிப் பூத்தொட்டியை உள்ளே எடுக்கிறார்கள், ஓட்டல்காரர்கள் வேலையாட்களையே மாற்றுகிறார்கள். மலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ரோப் காரில் நான் எலக்ட்ரீஷியன். கோடைக்கு நடப்பவர்கள் வருவார்கள், குளிருக்குச் சறுக்குபவர்கள் வருவார்கள். நடுவில் இரண்டு தடவை எல்லாம் நின்றுபோகும். கடைகள் சாத்திக் கிடக்கும், மலைச்சரிவில் புல்லும் இருக்காது, பனியும் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் நாங்கள் கேபிளையும் மோட்டாரையும் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். வேலை அதிகம்தான், ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்காது. அந்த வாரங்களில் தெற்கிலிருந்து ஃபியோன் என்று ஒரு வெதுவெதுப்பான காற்று வேறு இறங்கும். தலைவலி, தூக்கமின்மை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாவற்றுக்கும் இங்கே அதன்மேல்தான் பழி. நான் முதலில் நம்பவில்லை. இப்போது நானும் பழி போடுகிறேன், வசதியாக இருக்கிறது.

புதுவாயலில் பருவம் வருவதை நாங்கள் துவைத்த துணியில் பார்ப்போம். தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளின் புகைபோக்கிகள் எங்களுக்கு வடகிழக்கே. ஆனி ஆடியில் மேல்காற்று புகையைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் கரித்தூள் எங்கள் மாடிக்கு வரும். அம்மா கொடியிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தோளைத் தட்டிப் பார்ப்பாள். கறுப்பாகக் கையில் ஒட்டினால், "மழ வந்துட்ச்சி, வெறகெல்லாம் உள்ள எட்து போடுங்க" என்று குரல் கொடுப்பாள். வானிலை அறிக்கையில் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா சொல்லிவிடுவாள். அப்பாவுக்கு அந்தக் கவலையும் கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நாங்கள் நைனா என்போம். நிலம் போனதும் ரோலிங் மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். உலைக்கு முன்னால் நிற்பவருக்கு மார்கழி ஏது, சித்திரை ஏது? ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மூன்றே பருவம்தான். சங்கு ஊதினால் போவார், ஊதினால் வருவார்.

போன வருஷம் ஜூன் மாதம், ஆனி பிறந்த கையோடு அம்மா போய்விட்டாள். காலையில் நாஷ்டாவுக்கு மாவு கரைத்தவள் மதியம் இல்லை. நானும் சுதாவும் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். காரியம் முடிந்ததும் ரோப் கார் கூப்பிட்டது, கோடை ஓட்டம் தொடங்கிவிட்டது. திரும்பி வந்தோம். நாங்கள் ஊரில் இருந்த அதே நாட்களில், இங்கே எங்கள் எதிர்வீட்டு ஆலோயிஸின் தங்கை ரோசாவும் இறந்திருந்தாள். ஆலோயிஸ் மாடு வைத்திருக்கும் விவசாயி, எழுபதைத் தாண்டியவர். இங்கே ஜூனில் மாடுகளை மலை உச்சிப் புல்வெளிக்கு ஓட்டிப் போவார்கள், ஆல்ம் என்று பெயர். கோடை முழுக்க மாடுகளோடு மேலேயே தங்கிப் பால் கறந்து பாலாடைக்கட்டி செய்து கொண்டிருந்தவள் ரோசா. அந்த வருஷம் ஏறிய சில நாளிலேயே மேலே குடிசையில் இறந்துபோனாள். நான் கேட்டருகே நின்று அவருக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னேன். அவரும் என் அம்மாவுக்காக இரண்டு வார்த்தை சொன்னார். அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

எனக்கு மனசெல்லாம் நைனாவின் மேல்தான் இருந்தது. அந்த வீட்டில் அவர் தனியாக என்ன செய்வார்? அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. எங்களோடேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். முதலில் மூன்று மாத விசாவில் வரட்டும், இடம் பிடித்துப்போனால் நிரந்தரமாக இருக்க வழி பார்க்கலாம். போனில் தினமும் நச்சரித்தேன். ஆகஸ்டில் ஒருவழியாகக் கிளம்பினார். அம்மா படத்துக்கு முன்னால் ஏற்றும் விளக்கை மட்டும் எடுத்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாராம். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது அதைத்தான் முதலில் சொன்னார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே "சரி நைனா" என்றேன்.

ஆகஸ்டில் இந்தப் பள்ளத்தாக்கு யாரையும் மயக்கும். நைனாவும் மயங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறுநாள் காலை ஏ ஷிப்டுக்கு எழுகிற நேரத்துக்கே எழுந்து பால்கனியில் போய் நின்றார். "இன்னாடா குமாரு, ஒரு சத்தமும் காணோம்? காது அட்ச்சிக்கிச்சோன்னு பாத்தேன்" என்றார். பிறகு மேலே ஆல்மிலிருந்து மாட்டு மணிச் சத்தம் லேசாகக் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டார். மணிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று பார்த்து, மாடு எங்கே மேய்கிறது என்று கை காட்டுவார். எதிர்வீட்டு பெஞ்சில் ஆலோயிஸ் உட்கார்ந்தால் இவரும் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் "க்ரூஸ் காட்" என்பார், இவர் "வணக்கங்க" என்பார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மலையைப் பார்ப்பார்கள். ஒருநாள் ஆலோயிஸ் கால் மூட்டைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். நைனா என்னிடம் வந்து, "அவரு மாட்டுக்குக் கால்ல ஏதோ பேஜாராம்" என்றார். விசாரித்தால், மூட்டு வலியால் அந்தக் கோடையில் மலையேறவே முடியவில்லை, தன் மகன்தான் மேலே இருக்கிறான் என்று ஆலோயிஸ் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இப்படித் தப்பும் தவறுமாக இருவரும் நன்றாகவே பழகினார்கள்.

செப்டம்பரில் ஊசியிலை மரங்களில் ஒரு வகை மட்டும் மஞ்சளாகத் தொடங்கும். பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆள் வரும். நைனாவை அழைத்துப் போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ மரமும் செத்துக்கினு வருதே, யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்களா?" என்றார். சாகவில்லை, உதிர்ந்து மறுபடி துளிர்க்கும் என்று விளக்கினேன். "அதுவரிக்கும்?" என்று கேட்டார். அதுவரைக்கும் சும்மா நிற்கும் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கால் வீட்டில் தரிக்கவில்லை. பால்கனிக்கும் வாசலுக்கும் நடப்பார், சுதா துவைத்த துணியைத் தொட்டுப் பார்ப்பார், கையைப் பார்ப்பார். கையில் ஒன்றும் இருக்காது. எனக்குள் பதற்றம் ஏறியது. ஏதாவது செய்து அவரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. தீபாவளியைப் பெரிதாகச் செய்வதென்று தீர்மானித்தேன். இன்ஸ்ப்ரூக் நகரத்தில் இருக்கும் நான்கைந்து தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டாயிற்று. வேட்டி சட்டை வாங்கி அலமாரியில் ஒளித்தும் வைத்தாயிற்று. சுதா மட்டும், "மாமாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றாள். கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கக் கூடாது என்றேன்.

அந்த மாதக் கடைசியில் மாடுகள் மலையிலிருந்து இறங்கும் நாள் வந்தது. இங்கே அதற்கு ஆல்ம்அப்ட்ரீப் என்று பெயர், ஊரே திருவிழாதான். ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கும் நெற்றியில் பூங்கிரீடம், கலர் ரிப்பன், கழுத்தில் குடம் அளவு மணி. முன்னால் போகும் தலைமை மாட்டுக்குக் கிரீடம் இன்னும் பெரிது. ஓட்டல்கள் நோட்டீஸ் ஒட்டுகின்றன, ரோட்டின் இருபுறமும் கேமராவோடு ஆட்கள் நிற்கிறார்கள். நமக்கு மாட்டுப் பொங்கல் தெரியாதா என்ன? நைனாவை முன்வரிசையில் நிறுத்தினேன். பால்கனித் தொட்டியில் சுதா போட்டிருந்த துலுக்க சாமந்தி, புதுவாயலிலிருந்து கொண்டுவந்த விதை, கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. விடிந்ததும் அவளைத் தொணதொணத்து அதில் ஒரு மாலை கட்ட வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் மாட்டுக்கு நம் வீட்டு மாலை என்றால் நைனா பூரித்துப்போவார் என்று கணக்குப் போட்டேன்.

ஒவ்வொரு கூட்டமாக மணி முழங்க வந்தது, கைதட்டினார்கள். கடைசியில் ஆலோயிஸின் மாடுகள் வந்தன. ஒரு பூ இல்லை. ஒரு ரிப்பன் இல்லை. கழுத்தில் பெரிய மணி இருந்தது, ஆனால் சத்தமே இல்லை. குளம்பு தாரில் படும் சத்தம் மட்டும்தான். அவருடைய மகன் பின்னால் வந்தான், ஆலோயிஸ் மட்டும் ஊர் எல்லையில் சேர்ந்துகொண்டு தலைமை மாட்டின் பக்கத்தில் நொண்டி நொண்டி நடந்து வந்தார். கூட்டத்தில் கைதட்டல் நின்றுபோனது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம், ரோசா இல்லாமல் இவர்களுக்கு அலங்காரம் செய்ய ஆளில்லை, அவமானத்தோடு போகிறார்கள். அவ்வளவுதான் தோன்றியது. நைனா என் முழங்கையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அதை உதறிவிட்டு ரோட்டில் இறங்கித் தலைமை மாட்டின் கொம்பில் மாலையைப் போட்டுவிட்டேன். யாரோ போட்டோ எடுத்தார்கள். ஆலோயிஸ் நின்றார். மாலையை மெதுவாகக் கழற்றினார், மடித்துத் தன் முழங்கையில் போட்டுக்கொண்டார். "ஹொயர் நிட்" என்றார். இந்த வருஷம் வேண்டாம் என்று பொருள். நடந்து போய்விட்டார்.

எனக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷம் எதிரெதிரே இருந்தும் நம் பூ அவர் மாட்டுக்கு ஆகவில்லை என்று வீடு வரும் வரைக்கும் பொருமினேன். எத்தனை பனியைத் தள்ளிக் கொடுத்திருப்பேன், எத்தனை தடவை ஃபியூஸ் போட்டுக் கொடுத்திருப்பேன் என்று எண்ணி எண்ணிச் சொன்னேன். சுதா ஃபியோன் காற்றின்மேல் பழியைப் போட்டு என்னைப் படுக்கச் சொன்னாள். நான் கத்தி முடித்ததும் நைனா, "அவரு தூக்கிப் போடலயேடா, கைல தான வச்சிக்கினு போனாரு" என்றார். அதற்கும் நான் ஏதோ சொன்னேன்.

மறுநாள் மதியம் ஆலோயிஸே வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், கையில் எங்கள் மாலை, ஒரு ஈரத்துணியில் சுற்றி வாடாமல் வைத்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எங்கள் வீட்டில் யாராவது இறந்தால் அந்த வருஷம் மாட்டுக்குப் பூ வைப்பதில்லை, மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிடுவோம் என்று சொன்னார். நேற்று ரோட்டில் நின்று இதையெல்லாம் சொல்ல முடியவில்லை என்றார். பிறகு கேட்டார், "இந்தப் பூவை ரோசாவின் கல்லறையில் வைக்கலாமா? உங்கள் வீட்டுப் பூ, கேட்காமல் வைக்கக் கூடாது."

நான் நைனாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். "வைக்கச் சொல்லுடா, இதுல கேக்கறதுக்கு இன்னா கீது" என்றார். பிறகு, "இதையும் சொல்லு. நம்ம ஊட்லயும் ஆம்பள பொம்பள யாரா இருந்தாலும் போய்ட்டா வருசம் திரும்பற வரிக்கும் பண்டிக கெடியாது. தீபாவளி கெடியாது, பொங்கல் கெடியாது. உங்கம்மாவுக்கும் அதான். அவருக்குப் புரியும்."

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை என்று ஜெர்மனில் சொல்லும்போது என் குரல் என்னுடையது போலவே இல்லை. பக்கத்து அறை அலமாரியில் புது வேட்டி இருந்தது. நான்கைந்து குடும்பத்துக்குச் சொல்லியிருந்தேன். அம்மா இறந்த வருஷத்தில் பண்டிகை கிடையாது என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். தெரு முழுக்கப் பட்டாசு வெடிக்கும்போது ஒரு வீட்டு வாசல் மட்டும் சும்மா கிடந்தால் ஏனென்று யாரும் கேட்கமாட்டோம். எனக்கு அது எப்படி விட்டுப்போனது? ரோப் கார் நிற்பது, ஓடுவது, டயர் மாற்றுவது என்று இந்த ஊர்க் கணக்கிலேயே வருஷத்தை ஓட்டிப் பழகிவிட்டேன். அம்மா சாவு எனக்கு ஜூனில் போய்விட்டு வந்த ஒரு வேலையாக முடிந்துவிட்டிருந்தது. சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. ஆலோயிஸ் நைனாவிடம் கையை நீட்டினார். நைனா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நைனா என்னிடம் நேராகச் சொன்னார். "நீ கோச்சிக்காத குமாரு. நான் கெளம்பறேன். ஊட்டப் பூட்டிப் போட்டுட்டு இங்க வந்து ஒக்காந்துகினு கீறேன். அவ வெளக்க எங்கியோ குட்துட்டு வந்துட்டேன். அங்க பூட்டு தொங்குது, இங்க எனக்கு ஒக்காரவும் முடில, நிக்கவும் முடில. வருசம் திரும்பட்டும், அப்பறம் பேசலாம்." தீபாவளிக்கு முன்னாலேயே டிக்கெட் போட்டேன். தமிழ்க் குடும்பங்களுக்கு சுதா போன் செய்து காரணத்தைச் சொன்னாள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கிளம்பிய அன்று காலை ரோட்டில் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா காரில் ஏறப்போனவர் அப்படியே நின்றார். "யாரு நெலத்தடா எடுக்கறாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பனிக்காக நடுகிறார்கள், ஏப்ரலில் பிடுங்கிவிடுவார்கள் என்றேன். நம்பாமல்தான் ஏறினார். ஆலோயிஸ் கேட்டருகே வந்து ஒரு மணியைக் கொடுத்தார். பெரியதல்ல, ரோசா கன்றுக்குட்டிகளுக்குக் கட்டிய சின்ன மணி. அதன் நாக்கு கறுப்புத் துணியால் கட்டப்பட்டிருந்தது. நைனா அவிழ்க்கவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ஏர்போர்ட் வரைக்கும் வந்தார்.

அந்தக் குளிர்காலம் எனக்குச் சரியாகப் போகவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போனால் பல வாரம் எங்கள் வீட்டுக்கு வராது. வேலைக்குப் போவேன், வந்ததும் புதுவாயலுக்குப் போன் போடுவேன். நைனா வெந்நீர் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். வாசல் நிலையில் ஆணி அடித்து மணியை மாட்டியிருந்தார், நாக்குக் கட்டியபடியே. பொங்கலன்று எங்கள் வாசல் கோலமில்லாமல் இருந்ததை வீடியோவில் காட்டினார். இங்கே நாங்களும் பொங்கல் வைக்கவில்லை. ஆலோயிஸ் கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் நட்சத்திரம் மாட்டவில்லை. எதிரெதிரே இரண்டு வீடும் இருட்டாக இருந்தன. அந்த இருட்டு எனக்கு ஏனோ ஒரு ஆறுதலாக இருந்தது. ஏப்ரலில் குச்சியைப் பிடுங்கினார்கள்.

இந்த ஜூனில் அம்மாவுக்கு வருஷம் திரும்பியது. ரோப் கார் ஓட்டம் தொடங்கிய வாரம், ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. வீடியோவில்தான் பார்த்தேன். அத்தை படையல் போட்டாள், நைனா விளக்கேற்றினார். சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்ததும், நாற்காலியைப் போட்டு ஏறி மணியிலிருந்து கறுப்புத் துணியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் பிடித்தது. "இப்போ வாயேன் நைனா, விசா போடறேன்" என்றேன். "நீ வாயேன்" என்றார் முடிச்சைப் பார்த்துக்கொண்டே. வருகிறேன் என்று சொல்லவும் முடியவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் கீழே தெருவில் மணிச் சத்தம் எழுந்தது. ஆலோயிஸின் மாடுகள் ஆல்முக்கு ஏறிக்கொண்டிருந்தன, எல்லா மணியும் திறந்த நாக்கோடு. நைனா அங்கே ஆட்டிவிட்டார், அந்தச் சின்ன மணியும் அடித்தது. சுதா பால்கனியிலிருந்து கூப்பிட்டாள், "வாங்க, மணி அடிக்குது பாருங்க." வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எந்த மணிக்குச் சொன்னேன் என்று தெரியாமல் நடு அறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.